எட்டு டம்ளர்

கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டுத் தியேட்டரில்
கேண்டீன் என்னுடையது.
எந்தப் படத்தையும் நான் முழுசாகப் பார்த்ததில்லை.
தொடங்கி இருபது நிமிஷம்,
பிறகு எண்ணெய் காயவைக்க வேண்டும்.
இடைவேளை முடிந்து கல்லாவை எண்ணிவிட்டு வந்தால்
கடைசிச் சண்டையோ கல்யாணமோ.
நடுவில் உள்ளதெல்லாம்
சுவர் வழியே காதில் விழுந்ததுதான்.

'சம்பந்தி கொலை' வந்தது மாங்காய் சீசனில்.
கூழ் ஃபேக்டரி ஷிப்டு முடிந்து
நகக்கண் மஞ்சளாக வந்தது கூட்டம்.
நிச்சயதார்த்த வீடு. மாடி அறையில்
மாப்பிள்ளையின் அப்பா செத்துக் கிடக்கிறார்,
வாயில் பாதி ஜாங்கிரி.
அவரை விட்டால் ரெண்டு குடும்பத்திலும் எட்டுப் பேர்.
வெளியே மழை.
ஒரே ஒரு இன்ஸ்பெக்டர், அவருக்கும் ஜலதோஷம்.

பெண்ணின் அம்மாவாக வசுந்தரி.
அழுகையை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி,
"பந்திக்கு எலை வந்துருச்சா?" என்று கேட்டு,
விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுவாள்.
முன்வரிசை சிரிக்கிற சிரிப்பில்
என் பாய்லர் மூடி ஆடும்.

மாப்பிள்ளைப் பையன் புதுசு, பேர் நினைவில்லை.
அவன் பேச வாயெடுத்தால்
ஜனம் எழுந்து வெளியே வரும்,
எனக்குப் பத்து சமோசா போகும்.
நல்ல நடிகன்.

பிணமாக சற்குணராஜ்.
படம் நெடுக அசையாமல் கிடக்கிறார்,
இன்ஸ்பெக்டர் தும்மும்போது மட்டும்
இமை லேசாகத் துடிக்கும்.
தெரிந்து விட்டார்களா, தெரியாமல் விட்டார்களா,
போச்சம்பள்ளிக்காரர் ஒருத்தர்
அந்த இமையைப் பார்க்கவே மூணு நாள் வந்தார்.

சித்தப்பா, ஜோசியர், கணக்குப்பிள்ளை, கோபித்துக்கொண்டு போன அத்தை,
எல்லாரும் ஒரே சோபாவில் நெருக்கி உட்கார்ந்து
ஒருத்தர் பேச்சை ஒருத்தர் பிடுங்குவது
சந்தை நாள் கடைசி பஸ் மாதிரி.
யாரும் ஜன்னல் சீட்டு கேட்கவில்லை.
படம் ஓடினது அதனால்தான்.

கொன்றது கணக்குப்பிள்ளை.
சொல்லிவிட்டேன், மன்னிக்கணும்.
படம் போய் ரொம்ப நாளாச்சு.

ஆனால் எனக்கு முதல் ஆட்டத்திலேயே
சந்தேகம் வேறு ஆள்மேல்.

பதினெட்டாவது நிமிஷம்.
பிணத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை.
வேலைக்காரன் டீ கொண்டுவருகிறான்.
வசனம் கிடையாது. கேமராவும் அவனைப் பார்க்கவில்லை,
வசுந்தரியின் மூக்குத்தியைப் பார்க்கிறது.
ஓரத்தில் தட்டு தெரியும்.
எட்டு டம்ளர்.
விருந்தாளிகளுக்குத் தெரிந்து வீட்டில் ஒன்பது பேர்.
இருபத்திரண்டு வருஷம் டீ எண்ணிக் கொடுத்த கண் இது.
மாடியில் ஒருத்தருக்கு இனி டீ வேண்டாம் என்று
இவனுக்கு மட்டும் யார் சொன்னது?

ஆபரேட்டர் முனிரத்தினம்
"போய் சட்னிய அரைய்யா" என்றான்.
டிக்கெட் கிழிக்கும் சென்னகேசவன்
"ஒரு டம்ளர் ஒடஞ்சிருக்கும்" என்றான்.
இருபத்தஞ்சு நாள், தினம் நாலு ஆட்டம்.
ஒவ்வொரு தடவையும் எட்டுதான்.

கடைசி நாள் காலைக் காட்சிக்கு
பர்கூர் பஸ்ஸில் இறங்கி வந்தார் ஒல்லியாக ஒருத்தர்.
பதினெட்டு நிமிஷம் பார்த்தார்.
எழுந்து வெளியே வந்து டீ கேட்டார்.
விளிம்பை ரெண்டு விரலால் பிடித்த விதத்தில்
எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க எட்டு?"

ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார்.
"ஒம்பதுதான் வெச்சுக் குடுத்தாங்க.
ஒண்ண நாந்தான் கதவுக்குப் பின்னாடி எறக்கி வெச்சேன்."
"டைரக்டர் சொல்லியா?"
"அவருக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது.
வசனம் இல்லைன்னுட்டாங்க.
சரி, கொலையாச்சும் நாம பண்ணிக்கலாம்னு..."

உள்ளே இன்ஸ்பெக்டர் தும்மினார், கூட்டம் சிரித்தது.
எதற்காகக் கொன்றீர்கள் என்று கேட்பதற்குள்
வாணலி புகைந்தது, ஓடினேன்.

திரும்பி வந்தால் ஆள் இல்லை.
மேஜைமேல் சில்லறை சரியாக இருந்தது.
டம்ளரைக் கழுவி,
துண்டால் சுத்தமாகத் துடைத்து,
கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.